வளவும் வார்ட்ரோபும்

திருவேற்காட்டில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று புதிதாகக் கட்டியிருக்கும் வில்லாவுக்குள் நுழைந்ததும் ஒரு தேக்குத் தூண் நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையொன்றில் பேரம் பேசி வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியது. கீழே கருங்கல் பீடம், மேலே செதுக்கிய போதிகை. அண்ணாந்து பார்த்தால் அது எதையும் தாங்கவில்லை என்பது தெரிந்துவிடும். பாரமெல்லாம் கான்கிரீட் பீமுக்குப் போய்விட்டது. தூணின் தலைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

“அப்படியே செட்டிநாட்டு வீடு மாதிரி இருக்குல்ல, அக்கா?” என்று கேட்டாள் வீட்டுக்காரி. ஆமாம் என்றேன். கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில் வேறென்ன சொல்வது?

மாடி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினாள். பேச்சோடு பேச்சாக நான் ஒரு கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அலமாரிக் கதவுகள் மட்டும் எழுபத்தொன்று. வாசலில் செருப்பு அலமாரியில் தொடங்கி, டிவி சுவர், பூஜை அறையின் கீழ்ப்பகுதி, சமையலறை, அதற்குப் பின்னால் இன்னொரு சமையலறை, நான்கு படுக்கையறைகளின் வார்ட்ரோப், பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் என்று எங்கே திரும்பினாலும் கதவுதான். அன்றிரவு எனக்கு நினைவு வந்தது செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நான் பார்த்த வீடு. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற அந்த வீட்டில், அறை அறையாக நடந்தும் ஓர் அலமாரி கண்ணில் பட்ட ஞாபகமே இல்லை. சுவரோடு சேர்த்து வைத்த மாடப்பிறைகளும், மூலையில் ஒரு மர பீரோவும்தான். ஆனால் அந்த வீட்டில் இருந்த பொருளில் நாலில் ஒரு பங்குகூடத் திருவேற்காட்டு வீட்டில் இருக்காது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். எது அழகு என்கிற கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. வசதியுள்ளவர்களின் வீட்டில் பொருள் எங்கே போய் உட்காருகிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே தூரத்துப் பணத்தில் எழுந்த வீடுகள். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் மாளிகைகளில் பெரும்பாலானவை 1850க்குப் பிறகு தொடங்கி 1940கள் வரையில் கட்டப்பட்டவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து நடத்திய வட்டிக்கடையின் லாபம், வறண்ட சிவகங்கைச் சீமையில் பர்மா தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் இங்கிலாந்தில் வார்த்த இரும்பு உத்திரமாகவும் வந்து இறங்கியது. திருவேற்காட்டில் அந்த இடத்தில் இருப்பது கலிபோர்னியாச் சம்பளமோ, துபாய்ச் சேமிப்போ, போரூர் பக்கத்து ஐடி அலுவலகங்களின் ஊதியமோ. கருமாரியம்மனைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துபோகிற ஊராக இருந்ததுதான் இது. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சென்னை பைபாஸும் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து வயல்களை மனைகளாக்கின. கூவத்தின் இருகரையிலும் இப்போது கேட் போட்ட குடியிருப்புகள்.

இனி வேற்றுமை. செட்டிநாட்டு வீட்டின் திட்டம் ஒரு நேர்கோடு. முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் கொல்லைப்புறம். வாசற்படியில் நின்று பார்த்தால் பின்வாசல் கதவு வரைக்கும் பார்வை ஓடும். திண்ணையும் முகப்பும் ஆண்கள் கணக்குப் பார்க்கவும் வந்தவர்களை உட்காரவைக்கவும். வளவு கல்யாணத்துக்கும் சடங்குக்கும். வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் பட்டாலை என்கிற திறந்த கூடம், பட்டாலைக்குப் பின்னால் வரிசையாகச் சிறு சிறு அறைகள். மூன்றாங்கட்டு சமையலுக்கு.

வளவைச் சுற்றியிருக்கும் அந்த அறைகளில்தான் விஷயம் இருக்கிறது. நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு ‘புள்ளி’. கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனை வேறு வைத்துவிடுவார்கள்: ஒரே கூரை, ஒரே வளவு, ஆனால் வரவு செலவு தனி, அடுப்புத் தனி. அவனுக்கென்று வளவில் ஓர் அறை. அந்த அறை படுத்துப் புரள்வதற்கான பெட்ரூம் அன்று. மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமான்கள் பூட்டி வைக்கப்படும் இடம். புதுத் தம்பதிக்கு மட்டும் இரவுக்கு. மற்றவர்கள் காற்றோட்டமான பட்டாலையிலும் மேல்மாடியிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், பொருளுக்கு இருட்டு அறை, மனிதருக்கு வெளிச்சக் கூடம்.

இன்றைய வில்லாவில் இது அப்படியே தலைகீழ். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பாத்ரூம், அறைக்கொரு வார்ட்ரோப். பொருளும் மனிதரும் ஒரே அறையில், ஒரே ஏசிக் காற்றில். வார்ட்ரோபின் ஆழம் இரண்டடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு சுவர் முழுக்க அதை அடித்துவிட்டால், அறையின் ஆறில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ பொருளுக்குப் போய்விடுகிறது. மனையின் விலையைச் சதுர அடிக்குப் போட்டு, வார்ட்ரோப் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கூட்டிப் பாருங்கள். போன தீபாவளிக்கு எடுத்து ஒரே முறை உடுத்திய பட்டுப்பாவாடைக்கு மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது புரியும்.

இன்டீரியர் செய்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார், இவர்கள் கதவு போடுகிறார்கள். சமீபத்து மோஸ்தரும் அதைத்தான் கேட்கிறது: கைப்பிடி இல்லாத கதவு, சுவரின் நிறத்திலேயே ஷட்டர், மிக்ஸியையும் டோஸ்டரையும் உருளைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற அறை, வெள்ளையும் பழுப்புமாக ஒரு ஜப்பானியச் சாயல். மேடை துடைத்துவிட்டது போல இருக்க வேண்டும். செட்டிநாட்டு வளவும் துடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. அங்கே வெறுமை, பொருளை வேறிடத்தில் வைத்ததால் வந்தது. இங்கே பொருளின் முகத்தில் ஒரு பலகையைச் சாத்தியதால் வருகிறது.

அடுக்கி வைப்பது என்கிற கலைக்கு வருவோம். மாரி கோண்டோ என்கிற ஜப்பானிய எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, நம் ஊர் நடுத்தர வீடுகளிலும் புடவையைச் செங்குத்தாக மடித்து வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார், மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அந்த முறை. செட்டிநாட்டு ஆச்சி ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். அங்கே பொருளை அனுப்பும் பேச்சே கிடையாது. பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான், மரப்பெட்டி, பனையோலைக் கொட்டான், ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல் பூசிய மங்குச் சாமான் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் வந்து குவிந்தவை. அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரி பன்னிரண்டு, ஒரே மாதிரி இருபத்துநான்கு. எது மகிழ்ச்சி தருகிறது என்று எண்ணிப் பார்க்க நேரமில்லை.

அப்படியானால் எப்படிச் சமாளித்தார்கள்? கணக்கால். ஐந்தொகை எழுதிப் பழகிய சமூகம் அது. ரங்கூன் கடையின் பேரேட்டை எழுதிய அதே ஒழுங்கு வீட்டுச் சாமானுக்கும் வந்தது. பாத்திரத்தில் குடும்பத்தின் விலாசம் வெட்டியிருக்கும். தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக வரும் அந்த விலாசத்தைப் பார்த்தாலே எந்த வீட்டுப் பாத்திரம், யாருடைய சீரில் வந்தது என்பது தெரிந்துவிடும். சாமானுக்குப் பட்டியல் உண்டு. விசேஷத்துக்கு எடுத்தால் எண்ணி எடுப்பது, முடிந்ததும் எண்ணி வைப்பது. சாவி யாரிடம் என்பதில் சந்தேகமே கிடையாது.

இன்னொன்று காலம். அந்த வீட்டில் பொருளுக்கு இடம் மட்டுமல்ல, மாதமும் உண்டு. பொங்கலுக்கு வெளியே வருவது வேறு, கல்யாணத்துக்கு வெளியே வருவது வேறு. மற்ற நாளெல்லாம் அது இருட்டில் தூங்கும். நம் வில்லாக்களில் பொருளுக்கு இடம் இருக்கிறது, மாதம் இல்லை. திருவேற்காட்டில் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள். அந்த ஒரு நாளுக்கு வேண்டிய பெரிய அண்டா, மரக் கரண்டி, அகப்பை எல்லாம் லாஃப்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் பழைய சூட்கேஸுக்கும் பின்னால் கிடக்கும். ஏணி போட்டு ஏறி எல்லாவற்றையும் இறக்கினால்தான் அண்டா கைக்கு வரும். அலுத்துப்போய்ப் புதிதாக ஒரு ஸ்டீல் அண்டா வாங்கிவிடுவார்கள். அடுத்த ஆடியில் லாஃப்டில் இரண்டு அண்டா.

என் அனுபவத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. ஒவ்வொரு அலமாரிக் கதவின் உட்பக்கத்திலும் உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டுவது. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் சாமான்களை வீடு முழுக்கச் சிதறவிடாமல் ஒரே அறையில் வைப்பது. அந்த அறைக்கு அலங்காரம் வேண்டாம். கடப்பைக் கல்லில் நாலு தட்டு போதும். நான்கு படுக்கையறை வில்லாவில் ஒரு படுக்கையறையைச் சாமான் அறையாக மாற்றினால் மற்ற மூன்றிலும் வார்ட்ரோப் பாதியாகக் குறையும். சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ‘நாலு பெட்ரூம்’ என்று சொல்லிக்கொள்வதில் இருக்கும் பெருமை ‘மூணு பெட்ரூம், ஒரு சாமான் ரூம்’ என்பதில் இல்லை.

சமையலறையில் கொஞ்சம் அதிகநேரம் நிற்கலாம். மாடுலர் கிச்சன் என்பது பணக்காரர்களின் அடையாளமாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பிறப்பு வேறு. 1926இல் வியன்னாவைச் சேர்ந்த மார்கரேட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்கிற கட்டடக்கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்ததுதான் அதன் மூதாதை. அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். வேலைக்காரி வைக்க வழியில்லாத பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று அளந்து, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரும்படி செய்தார். அப்படிப்பட்ட அடுக்களைகள் ஏறத்தாழ பத்தாயிரம் அமைக்கப்பட்டன. அரிசி, மாவு, சர்க்கரைக்கென்று பெயர் எழுதிய இழுப்பு டப்பாக்கள் அதில் இருந்தன. மாவு டப்பா மட்டும் ஓக் மரத்தில், புழு அண்டாமல் இருக்க.

இடமும் ஆளும் இல்லாதவளுக்காகப் பிறந்த அடுக்களை, இடமும் ஆளும் உள்ள வீட்டில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? நடுவில் தீவு மேடை, மூலையில் சுழலும் தட்டு, மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் இழுப்பறை. மேடையின் ஒரு மூலையில் குருமா கொதித்தால் வாசம் படுக்கையறைச் சோபா வரைக்கும் போகிறது. உடனே பின்பக்கத்தில் இன்னொரு சமையலறை. காட்சிக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. ‘டிரை கிச்சன்’, ‘வெட் கிச்சன்’ என்று பெயர். வறுப்பது, தாளிப்பது, மீன் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் பின்னால். முன்னால் காபி மெஷினும் பழக்கூடையும்.

வேடிக்கை என்னவென்றால், இது மூன்றாங்கட்டுதான். புகையும் ஈரமும் ஆட்டுக்கல்லும் மிளகாய் நெடியும் வீட்டின் கடைசியில், திறந்த முற்றத்தைச் சுற்றி இருக்க வேண்டும் என்று செட்டிநாட்டு வீடு தெரிந்துவைத்திருந்தது. நாம் அதை இடித்துவிட்டு, ஒரு ஜெர்மன் அடுக்களையை நடுக்கூடத்தில் போட்டு, பிறகு அது போதாதென்று எட்டடிக்கு ஐந்தடியில் மூன்றாங்கட்டைத் திரும்பக் கட்டுகிறோம். முற்றம் மட்டும் இல்லை. அதற்குப் பதில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி. அந்த எட்டடிக்குள் நாள் முழுக்க நிற்பவள் வீட்டுக்காரி அல்ல. வேலைக்கு வருகிறவள். ஃபிராங்க்ஃபர்ட்டில் யாருடைய நடையை அளந்தார்களோ, அவளுக்கு இந்த வீட்டில் அளவெடுத்த இடம் கிடைக்கவில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பின்பக்கச் சமையலறையை முதலில் வரையுங்கள். நன்றாகக் காற்று வருகிற இடத்தைக் கொடுங்கள், உங்கள் வீட்டுக் குக்கரையும் இட்லிப் பானையையும் கிரைண்டரையும் இஞ்ச் டேப் வைத்து அளந்த பிறகு தட்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். மாடுலர் கிச்சன் கேட்டலாக்கில் இருக்கும் இழுப்பறைகளில் பல ஐரோப்பியத் தட்டுக்கும் கரண்டிக்கும் அளவெடுத்தவை. நம் இட்லிப் பானை அதற்குள் போகாது.

பொருட்களுக்கு வருகிறேன். செட்டிநாட்டுச் சுவரின் பூச்சு, சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் வெல்லமும் முட்டையின் வெண்கருவும் பல அடுக்காக ஏற்றி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. தொட்டால் பளிங்குபோல் குளிரும். நூறு ஆண்டு கழித்தும் வெள்ளையடிக்கத் தேவைப்படாத சுவர்கள் அங்கே இருக்கின்றன. தரைக்கு ஆத்தங்குடிக் கல்: கண்ணாடித் தட்டின்மேல் தகர அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணம் கலந்த சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல்சிமெண்டும் பிறகு ஈரச் சிமெண்டும் போட்டு அமுக்கி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை, மெஷினில் பாலிஷ் போடுவதில்லை. கண்ணாடியிலிருந்து வரும் பளபளப்புதான். நடக்க நடக்க மெருகேறும்.

திருவேற்காட்டு வில்லாவில் எட்டடிக்கு நான்கடி விட்ரிஃபைடு பலகை, அல்லது இத்தாலியன் மார்பிள். முதல் நாளில்தான் அது மிக அழகு. போர் தண்ணீரின் உப்பு கறை படுத்தும், சிந்திய தயிரும் எலுமிச்சைச்சாறும் மார்பிளை அரிக்கும். பிறகு பாலிஷ்காரரைக் கூப்பிட வேண்டும். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆத்தங்குடியும் சும்மா வந்துவிடாது. ஆச்சி வீட்டுத் தரை மின்னியதற்குக் காரணம், அரிசி உமியாலும் தேங்காய் எண்ணெய்த் துணியாலும் வாரக்கணக்கில் மண்டியிட்டுத் துடைத்த கைகள். அதே கல்லை இங்கே ‘ஆக்சென்ட்’ என்று பூஜை அறை வாசலில் பத்துச் சதுர அடி பதித்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, ஆறு மாதத்தில் வெளுத்துப்போனதாகப் புகார் சொல்கிறார்கள்.

மரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் திருவேற்காட்டில் சேர்த்துத்தான் பேச வேண்டும். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்றும், கடல் கொண்ட நினைவில்தான் வறண்ட நிலத்திலும் இவ்வளவு உயரமான மேடை போட்டு வீடு கட்டினார்கள் என்றும் ஒரு வழக்கு உண்டு. உண்மையோ கதையோ, ஆளுயரத்துக்கு எழும்பிய அந்தப் படிகள் வீட்டைக் காப்பாற்றின. பக்கத்தில் ஏரி, நடுவில் கூவம் என்றிருக்கும் திருவேற்காட்டில், வீல் வைத்த சூட்கேஸ் தடையில்லாமல் உருள வேண்டும் என்று வாசலுக்கும் கூடத்துக்கும் ஒரே மட்டம் வைக்கிறோம். 2015 டிசம்பரில் கூவம் பொங்கியபோது இந்தச் சுற்றுவட்டாரத்துத் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு சாதாரண பிளைவுட்டும் துகள்பலகையும் அப்பளம்போல உப்பிக்கொண்டன. ஐஎஸ் 710 முத்திரை உள்ள நீர்தாங்கும் பிளைவுட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதிலும் முக்கியம், அலமாரியைத் தரையோடு ஒட்டி அடைக்காமல் கால் வைத்து நிறுத்துவது. கீழ்த்தட்டைக் கடப்பையாலோ கிரானைட்டாலோ போடுவது. பத்திரங்களையும் ஆல்பங்களையும் கீழ்த்தளத்தில் வைக்காமல் இருப்பது. பழைய சென்னை வீடுகளின் சமையலறையில் கடப்பைத் தட்டு இருந்தது சிக்கனத்துக்காக மட்டுமன்று. கரையானுக்கும் தண்ணீருக்கும் அது பதில்.

சாப்பாட்டு மேசைக்கு வந்தால் எனக்கு மூர்க்க நாயனார் நினைவு வந்துவிடுகிறது. அடியாருக்குச் சோறு போட்டே கைப்பொருளை இழந்து, பிறகும் சோறு போடுவதற்காகவே சூதாடியவர். பிறந்த ஊர் இதே திருவேற்காடு. அவர் ஊரில் இன்றைய வில்லாவில் எட்டுப் பேர் உட்காரும் மேசை, மேலே தொங்கும் விளக்கு. ஒன்பதாவது ஆள் வந்துவிட்டால் தட்டைக் கையில் ஏந்தவேண்டியதுதான். செட்டிநாட்டு வீடுகளில் பந்திக்கென்றே நீளக் கூடங்கள். இரண்டு பக்கமும் இலை போட்டு நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்துவிட்டு, அடுத்த பந்திக்குப் பெருக்கித் துடைத்தால் அது வெறுங்கூடம். மேசை நாற்காலி இல்லாததுதான் அந்த இடத்தின் கொள்ளளவு.

இப்போதைய மோஸ்தர் திரும்பவும் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்க்கிறேன். பிரம்பு பின்னிய அலமாரிக் கதவு, சிவப்பு ஆக்சைடு தரை, பித்தளை உருளியில் பூ, ஊஞ்சல், முற்றம். 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போட்டோவோடு ஆர்க்கிடெக்டிடம் போகிறவர்கள் உண்டு. எதிலும் குறையில்லை. முற்றத்தின்மேல் கண்ணாடி போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முற்றம் என்பது வெப்பக்காற்று மேலேறிப் போகும் வழி; மழை விழுந்து தரையைக் குளிர்வித்துத் தொட்டிக்குப் போகும் வழி. கண்ணாடி மூடினால் அது மே மாதத்துப் பசுமைக் குடில். கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்துதான் மூடுகிறார்கள் என்பது புரிகிறது. பழைய வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது, இரும்புக் கம்பிவலை போட்டார்கள். காற்றை விட்டுவிட்டு ஆளைத் தடுக்கும் வலை.

பழையதைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வெறுங்கூடத்தின் ஒழுங்கு பலருடைய முதுகில் நின்றது. வளவைத் தாண்டி முகப்புக்கு வரக் கூடாத பெண்கள், மூன்றாங்கட்டைத் தாண்ட முடியாத வேலையாட்கள். தேக்கு வந்த வழியும் சுத்தமானதன்று: 1930களின் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாமல் பர்மிய விவசாயிகள் இழந்த நிலம் செட்டியார்களிடம் சேர்ந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவர்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது ஓடிவந்தார்கள். பிறகு அந்த நிலமும் போயிற்று. வருமானம் நின்ற பிறகு வீடுகள் மட்டும் மிஞ்சின. ஒரு வளவுக்கு முப்பது நாற்பது பங்காளிகள். ஓடு மாற்ற ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் சிங்கப்பூரில் இருப்பார். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்கு முன்னும் பின்னும் வீடுகள் பிரிக்கப்பட்டு, தூண் தூணாகக் கதவு கதவாக முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சில வீடுகள் விடுதிகளாகித் தப்பின. மிச்சம் பூட்டிக் கிடக்கிறது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் திறக்கிறார்கள்.

கிரகப்பிரவேசம் முடிந்து எட்டு மாதம் கழித்து அந்த வில்லாவுக்கு மறுபடி போனேன். கணவன் மனைவி இருவரும் பிள்ளைகளோடு டல்லாஸுக்குப் போய்விட்டார்கள், இரண்டு ஆண்டு வேலை. வீட்டைப் பார்த்துக்கொள்ள அயனம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். எனக்கு வேண்டிய புத்தகம் ஒன்று உள்ளே இருந்தது, எடுத்துக்கொள்ளும்படி வீட்டுக்காரி போனில் சொல்லியிருந்தாள்.

உள்ளே போனால் வீடு வேறு மாதிரி இருந்தது. கைப்பிடியில்லாத அந்த வழுவழுத்த சுவர்களெல்லாம் வாய் பிளந்து நின்றன. மேலிருந்து கீழ்வரை எல்லா அலமாரியும் திறந்து கிடந்தது. உள்ளே புடவை, பொம்மை, பிரிக்காத குக்கர் பெட்டி, போன வருடத்து காலண்டர்கள்.

“மூடியே வச்சா பூஞ்சணம் பிடிக்குதும்மா. வெள்ளிக்கிழமை வந்தா காலையில எல்லாத்தையும் திறந்து விடுவேன். திறக்க ஒரு மணி நேரம், அமுக்கி அமுக்கி மூட ஒரு மணி நேரம்” என்றார். “கைப்பிடி இல்லாம போச்சு. எது கதவு, எது சுவருன்னு முதல் மாசம் தெரியவே இல்ல.”

எழுபத்தொன்றா என்று கேட்டேன். எழுபத்துமூன்று என்றார். மாடிப் பாத்ரூமில் இரண்டை நான் விட்டிருக்கிறேன்.